நட்டுவுக்கு எவ்வளவு போடலாம்?

2025 மார்ச் 21, வெள்ளிக்கிழமை ராத்திரி. புதுச்சத்திரத்தில் ஒரு வீட்டு வாசலில் எட்டு பேர் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு நீள நோட்டு, ஒரு தட்டு நிறைய மசால் பொரி, வெளிச்சத்துக்கு ஒரு செல்போன். மறுநாள் ஐபிஎல் ஆரம்பம். அதற்குள் ஏலத்தை முடித்தாக வேண்டும்.

ஆட்டம் ரொம்ப எளிது. ஆளுக்கு 100 கோடி கையில் இருப்பதாகக் கணக்கு (காகிதக் கோடிதான், பயப்பட வேண்டாம்). அதை வைத்து ஆளுக்கு 12 வீரர்களை ஏலம் எடுக்க வேண்டும். அந்த 12 பேரும் சீசன் முழுக்க நிஜ மைதானத்தில் என்ன செய்கிறார்களோ அதுதான் புள்ளி. ஒரு ரன்னுக்கு 1, ஒரு விக்கெட்டுக்கு 25. பாதி சீசனில் ஒரே ஒரு ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கடைசியாக வருகிறவன் மற்ற ஏழு பேருக்கும் பை-பாஸ் ஓரக் கடையில் பரோட்டா வாங்கித் தர வேண்டும். பைசா பந்தயம் கிடையாது.

நோட்டை வைத்திருப்பவனுக்கு 'நோட்டுக்காரன்' என்றே பெயர். ராசிபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பி.காம் கடைசி வருஷம். பரீட்சைக்குக்கூட இவ்வளவு படித்திருக்க மாட்டான். ஐந்து வருஷ ஐபிஎல் கணக்கையும் கையால் எழுதி வைத்திருந்தான். கோலி, பும்ரா எல்லாம் போன பிறகு, ராத்திரி பத்தரை மணி வாக்கில் அடுத்த பெயரை வாசித்தான்.

"டி. நடராஜன். டெல்லி."

அதுவரை கத்திக்கொண்டிருந்த எட்டு பேரும் கப்சிப்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் இது ஒரு சாதாரணப் பெயர். இந்த ஊரில் அப்படி இல்லை. நடராஜனின் சின்னப்பம்பட்டி சேலம் மாவட்டம். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை புதுச்சத்திரமும் சேலம் மாவட்டம்தான். "நம்ம ஜில்லாக்காரன்" என்று சொல்ல அது போதாதா? கூலி வேலைக்குப் போன அப்பா, ரோட்டோரத்தில் கோழிக்கறிக் கடை போட்ட அம்மா, இருபது வயசு வரை டென்னிஸ் பந்து... இந்தக் கதையை இந்தப் பக்கம் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதனால்தான் அந்த அமைதி. எல்லோருக்கும் ஆள் வேண்டும். எல்லோருக்கும் பயம். நட்டுவின் உடம்பு அந்த சீசன் தாங்குமா?

* * *

காயம் பட்ட ஆட்டக்காரனுக்கு என்ன விலை போடுவது என்ற கேள்வியை அதிகம் குடைந்தவர்கள் அமெரிக்காக்காரர்கள்தான். அங்கே ஃபேன்டஸி ஃபுட்பால் என்று ஒன்று. (அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது காலால் உதைக்கிற பந்து இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற முட்டை வடிவப் பந்து.) 1962-ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் பங்கு வைத்திருந்த வின்கன்பாக் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து விதி எழுதினார்கள். அடுத்த வருஷமே ஆட்டம் ஆரம்பம். புதுச்சத்திரத்து வாசலில் நடந்ததும் அதன் கொள்ளுப் பேரன் மாதிரிதான்.

அந்த ஆட்டத்தில் 'ரன்னிங் பேக்' என்று ஓர் ஆள் உண்டு. பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர். ஒவ்வொரு முறையும் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரண்டு மூன்று பேர் வந்து மோதிச் சாய்ப்பார்கள். புள்ளி அள்ளித் தருகிறவரும் அவர்தான், முட்டி போய் உட்காருகிறவரும் அவர்தான்.

கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் ஓடியே 1000 கெஜத்துக்கு மேல், பந்தைப் பிடித்து இன்னொரு 1000 கெஜம். ஒரே சீசனில் இரண்டையும் செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுத்த வருஷம் எல்லோரும் அடித்துப் பிடித்து எடுத்தார்கள். ஆடியது 3 ஆட்டம். 2021-ல் 7. "இனி தேற மாட்டார்" என்று பலர் ஒதுக்கினார்கள். 2023-ல் அவர்தான் லீக்கின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர். உடனே 2024-ல் மறுபடி முதல் ஆளாக எடுத்தார்கள். ஆடியது 4 ஆட்டம்!

போன வருஷத்தைப் பார்த்து விலை போட்டவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு வருஷம் பிந்தியே இருந்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

கிரிக்கெட்டில் ரன்னிங் பேக்குக்கு நேர் சொந்தக்காரர் வேகப்பந்து வீச்சாளர். அவரை யாரும் மோதிச் சாய்ப்பதில்லை, அவ்வளவுதான். ஓடி வந்து முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. அதே நொடியில் முதுகு வளைந்து திரும்புகிறது. ஒரு ஓவருக்கு ஆறு தரம், ஒரு மேட்சுக்கு இருபத்து நாலு தரம், வலைப் பயிற்சியில் கணக்கே இல்லை. முட்டி, கணுக்கால், அடி முதுகு, தோள் என்று ஏதாவது ஒன்று ஒருநாள் கணக்குத் தீர்க்கும்.

* * *

நோட்டுக்காரன் நட்டுவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தான். அந்தப் பக்கத்தில் இருந்தது இது:

2017 பஞ்சாப், 3 கோடி. 6 மேட்ச், 2 விக்கெட்.
2018, 2019 ஹைதராபாத், 40 லட்சம். ஒரு மேட்ச்கூட இல்லை.
2020: 16 மேட்ச், 16 விக்கெட்.
2021: 2 மேட்ச், 2 விக்கெட். முழங்கால் அறுவை சிகிச்சை.
2022: 4 கோடி. 11 மேட்ச், 18 விக்கெட்.
2023: 12 மேட்ச், 10 விக்கெட்.
2024: 14 மேட்ச், 19 விக்கெட்.
2025: டெல்லி, 10.75 கோடி.

இந்த எட்டு வரிக்குள் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. 2020 எலிமினேட்டரில் டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கர். அதே வருஷக் கடைசியில் வலைப்பந்து வீச்சாளராக ஆஸ்திரேலியா போய், டிசம்பர் 2 ஒருநாள் போட்டி, டிசம்பர் 4 டி20, 2021 ஜனவரி 15 பிரிஸ்பேன் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். அடுத்த ஏப்ரலில் ஆபரேஷன் தியேட்டர். அது முடிந்து செப்டம்பரில் திரும்பினால் கொரோனா. 2024 ஏப்ரலில் டெல்லிக்கு எதிராக 19 ரன்னுக்கு 4 விக்கெட், அதுவும் 19-ஆவது ஓவரை மெய்டனாகப் போட்டு. அந்த டெல்லிதான் அடுத்த ஏலத்தில் 10.75 கோடி கொடுத்தது என்பதில் ஆச்சரியம் இல்லை. அடி வாங்கியவனுக்குத்தானே அடியின் அருமை தெரியும்!

சரி, இதற்கு விலை எப்படிப் போடுவது? முந்தின வருஷ ஏலக் கணக்கை வைத்து, ஒரு கோடிக்குச் சுமார் 45 புள்ளி கிடைத்தால் நியாயம் என்று நோட்டுக்காரன் ஒரு அளவு வைத்திருந்தான்.

முதல் வழி, போன வருஷத்தை மட்டும் பார்ப்பது. 19 விக்கெட், 475 புள்ளி. பத்தரைக் கோடி வரை போகலாம். (டெல்லி கொடுத்ததும் கிட்டத்தட்ட அதேதான். தற்செயல்தான் என்றாலும் நோட்டுக்காரனுக்கு அதில் கொஞ்சம் பெருமை.)

இரண்டாவது வழி, ஐந்து வருஷ சராசரி. 2020 முதல் 2024 வரை 55 மேட்ச், 65 விக்கெட். வருஷத்துக்கு 11 மேட்ச், 13 விக்கெட். 325 புள்ளி. ஏழு கோடி.

இரண்டாவதுதான் சரி என்று நினைத்து அன்றைக்குச் சாயங்காலமே அப்பாவிடம் காட்டினான். அவன் அப்பா லைன் லாரி டிரைவர். 22 வருஷ சர்வீஸ். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை, காதில் மட்டும் வாங்கிக்கொண்டார்.

"ஏன் சாமி, அஞ்சு நடை போறோம். நாலு நடை நல்லா வருது, ஒரு நடை வண்டி கவுந்துருது. சராசரி போட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா சராசரியா எந்த நடையும் கவுறதில்ல. ஒண்ணு வீடு வந்து சேருது, இல்ல பள்ளத்துல கெடக்குது."

அந்த ஐந்து வருஷத்தைத் திரும்பப் பாருங்கள். 16, 2, 11, 12, 14. அதில் ஒரு வருஷம் வண்டி பள்ளத்தில்தான் கிடந்தது. சராசரி என்பது இரண்டு வேறு வேறு விஷயத்தை ஒரே எண்ணாகக் கலக்கிவிடுகிறது. ஆடினால் எப்படி ஆடுவார் என்பது ஒன்று: மேட்சுக்கு ஒரு விக்கெட்டுக்குக் கொஞ்சம் மேலே, அதில் சந்தேகமே இல்லை. ஆடுவாரா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பழைய கணக்கு பதில் சொல்லும். இரண்டாவதற்குச் சொல்லாது.

செல்போனில் பணம் கட்டி ஆடுகிற ஆட்டங்கள் இருந்தனவே, அவற்றில் இந்தத் தலைவலி இல்லை. அவை ஒரு மேட்சுக்கு ஒரு அணி. டாஸ் போட்டதும் யார் ஆடுகிறார்கள் என்று தெரிந்துவிடும், இல்லாதவரைத் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம். (2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தோடு அந்தப் பணப் போட்டிகள் நின்றுவிட்டன. தப்பித்த வீடுகள் பல.) சீசன் முழுக்க ஒரே ஆளோடு குடித்தனம் நடத்த வேண்டிய ஆட்டத்தில்தான் காயத்துக்கு விலை போடுவது கஷ்டம்.

* * *

அப்பா ஏன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருந்தார் என்று கேட்க வேண்டும்.

2024 டிசம்பரில் லோடு ஏற்றித் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது இடுப்பில் 'சுருக்'கென்றது. இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்டு வண்டியை ஓட்டி வந்து சேர்த்துவிட்டார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார முடியவில்லை. தண்டுவடத்தில் டிஸ்க் விலகியிருக்கிறது, மூன்று மாசம் ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். முதலாளி நேரில் வந்து பார்த்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார். நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு வாரத்தில் அந்த வண்டிக்கு வேறு டிரைவர் போட்டுவிட்டார்.

வேறென்ன செய்வார்? வண்டிக்கு மாசத் தவணை கட்ட வேண்டும். நின்றால் நஷ்டம்.

மார்ச் முதல் வாரத்தில் மூன்று மாசம் முடிந்து அப்பா போய்க் கேட்டார். முதலாளி உட்கார வைத்து டீ சொன்னார். பிறகு இரண்டே கேள்வி. "கடைசியா எப்பங்ணா ஸ்டியரிங் புடிச்சீங்க?" அடுத்தது, "அந்த வண்டியில இப்ப ஆள் இருக்குதுங்களே?"

அப்பா டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். கேட்டதிலிருந்து நோட்டுக்காரனுக்கு மட்டும் ஆத்திரம் ஆறவே இல்லை. 22 வருஷம் ஒரு ஆக்சிடெண்ட் இல்லாமல் ஓட்டிய மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது?

* * *

ஏலத்துக்கு வருவோம்.

நோட்டுக்காரன் நட்டுவுக்கு 6 கோடி என்று எல்லை போட்டு வைத்திருந்தான். சராசரியைவிடக் கொஞ்சம் கீழே. முட்டிக்கு ஒரு கழிவு. மோகனூர்க்காரன் 2-ல் ஆரம்பித்தான். சேலத்தான் 3. பண்ணைக்காரன் (வீட்டில் கோழிப் பண்ணை) 4-க்கு வந்து, 5-ல் கழன்றுகொண்டான். 6 தாண்டியது. நோட்டுக்காரன் கை இறங்கியிருக்க வேண்டும்.

உள்ளே இருந்து அப்பா மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"நடராசனா? எவ்வளவு போகுது?"

"ஆறரைங்கப்பா."

"சின்னப்பம்பட்டிப் பையன். உட்ராதீங்க."

அவ்வளவுதான். 7, 7.5, 8, 9... ஒன்பதரைக் கோடிக்கு நோட்டுக்காரன் எடுத்தான். "மாப்ள, உன் நோட்டுல ஆறுன்னுதானே இருந்துச்சு?" என்று சேலத்தான் எட்டிப் பார்த்துச் சிரித்தான். நோட்டுக்காரன் பக்கத்தை மூடிவிட்டான்.

பத்து நிமிஷம் கழித்துப் பிரசித் கிருஷ்ணா பெயர் வந்தது. குஜராத். நிஜ ஏலத்தில் 9.5 கோடி. ஆனால் வாசலில் யாருமே சீந்தவில்லை. முதுகெலும்பில் விரிசல் கண்டு 2023 ஐபிஎல் முழுக்கப் போச்சு. தொடையில் அறுவை சிகிச்சை, 2024 ஐபிஎல்லும் போச்சு. இரண்டு வருஷமாக ஐபிஎல்லில் ஒரு பந்துகூடப் போடாத ஆள்! பண்ணைக்காரன் மட்டும் "3 கோடி" என்றான். போட்டிக்கு ஆள் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

காயப் பட்டியலை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தால் நட்டுதான் பாதுகாப்பான ஆள். 2024-ல் 14 மேட்ச் ஆடியவர் இவர், ஒன்றுமே ஆடாதவர் அவர். எட்டு பேரில் ஏழு பேருக்கு அப்படித்தான் தோன்றியது.

* * *

சீசன் என்ன ஆனது என்று கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரியும். பிரசித் கிருஷ்ணா 25 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி வாங்கினார். 625 புள்ளி, மூன்று கோடிக்கு!

நடராஜன் ஆடியது 2 மேட்ச். விக்கெட் இல்லை. ஒன்பதரைக் கோடிக்கு 0.

அதில் கொடுமை என்னவென்றால், நோட்டுக்காரனால் அவரை மாற்றவும் முடியவில்லை. "சீசன் முழுக்க இல்லை" என்று ஒரே வரியில் அறிவித்துவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம். 2022-ல் சென்னைக்கு 14 கோடிக்குப் போன தீபக் சாஹர் அந்த வருஷம் ஒரு பந்துகூடப் போடாமல் வெளியேறினார். அது பெரிய நஷ்டம், ஆனால் தெளிவான நஷ்டம். அதே வருஷம் ஜோஃப்ரா ஆர்ச்சர் ஆட மாட்டார் என்று தெரிந்தே மும்பை 8 கோடி கொடுத்தது, அது அடுத்த வருஷத்துக்கான முதலீடு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான் ஆளைக் கொல்வார். இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று ஒவ்வொரு டாஸுக்கும் நோட்டுக்காரன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பாதி சீசனில் கிடைத்த ஒரே மாற்றத்தையும் நப்பாசையில் வேறு ஆளுக்குச் செலவழித்துவிட்டான்.

மே 18 அன்று குஜராத்துக்கு எதிராக நட்டு இறங்கினார். அன்றைக்குப் பார்த்து, டெல்லி அடித்த 199-ஐ குஜராத் விக்கெட்டே விடாமல் எடுத்துவிட்டது. சாய் சுதர்சன் 108, கில் 93. டெல்லியில் யாருக்குமே விக்கெட் இல்லை. ஒரு தமிழ்நாட்டுக்காரனை இன்னொரு தமிழ்நாட்டுக்காரன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நோட்டுக்காரன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். (சாய் சுதர்சனை எடுத்திருந்தது சேலத்தான். சீசனில் 759 ரன். அவன் ஆட்டம் தாங்க முடியவில்லை.)

பரோட்டா செலவு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழு பேரும் கொத்து பரோட்டாவும் சேர்த்துச் சொன்னார்கள் :-)

* * *

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, எங்கே தப்பு நடந்தது என்று பார்க்க நோட்டைத் திறந்தான். நட்டு பக்கமும் பிரசித் பக்கமும். எதைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்?

ஒன்று சட்டென்று தெரிந்தது. பிரசித் கிருஷ்ணா 2025 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் ஆடினார். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 6 விக்கெட். அதாவது ஏலத்துக்கு இரண்டரை மாசம் முன்னால் முதுகும் தொடையும் ஒரு டெஸ்ட் மேட்சைத் தாங்கியிருக்கின்றன. எக்ஸ்ரேவும் ஸ்கேனும் சொல்லாததை அந்த ஓவர்கள் சொல்லின. நட்டு பக்கத்தில் 2024 ஐபிஎல்லுக்குப் பிறகு நோட்டுக்காரன் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இரண்டாவது, இடம். டெல்லியில் மிட்செல் ஸ்டார்க் இருந்தார். அவரும் இடது கை, அவருக்கும் 11.75 கோடி. முகேஷ் குமார் 8 கோடி. கூடவே சுழலுக்குக் குல்தீப், அக்‌ஷர். நட்டு முழு உடல்நலத்தோடு இருந்தாலும் யாரை எடுத்துவிட்டு அவரைப் போடுவது? அமெரிக்காவில் ரன்னிங் பேக்குகளுக்கு நடப்பதும் இதுதான். மூன்று வாரம் காயம், திரும்பி வந்து பார்த்தால் மாற்று ஆள் நன்றாக ஓடிக்கொண்டிருப்பான். காயம் ஆறிவிடும். போன இடம் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது.

அடுத்த வருஷத்துக்கு மறக்காமல் இருக்க, காயம் பட்ட பந்துவீச்சாளருக்கு விலை போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதினான்:

1. கடைசியாக எப்போது மேட்சில் பந்து போட்டார்?
2. அவர் இடத்தில் இப்போது ஆள் இருக்கிறாரா?

எழுதி முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கடைசியா எப்பங்ணா ஸ்டியரிங் புடிச்சீங்க? வண்டியில இப்ப ஆள் இருக்குதுங்களே?

முதலாளி கேட்டபோது ஈவிரக்கமில்லாத கேள்வியாக இருந்தது, நோட்டில் எழுதும்போது சரியான கேள்வியாக இருக்கிறது. இரண்டும் ஒரே கேள்வி. அவர் கேட்டது தப்பு என்றால் இந்தப் பக்கமும் தப்பு. இந்தப் பக்கம் சரி என்றால்?

ஒரு வித்தியாசம் இருக்கிறது, மறுக்க முடியாது. வாசல் ஏலத்தில் தோற்றால் ஏழு பேருக்குப் பரோட்டா. நடராஜன் ஆடாவிட்டாலும் அவருடைய ஒப்பந்தம் அவருக்கு. லாரி டிரைவருக்கு வண்டி ஏறாத மாசம் படியும் இல்லை, சம்பளமும் இல்லை. வலியை மறைத்துக்கொண்டு வண்டி ஏறுகிற டிரைவர்கள் இந்த ஹைவேயில் எத்தனை பேர் என்று எந்த நோட்டிலும் இருக்காது. கேள்வி சரியானது என்பதற்காக, கேட்கப்படுகிறவனுக்கு வலிக்காமல் போய்விடாது.

மறுநாள் காலையில் அப்பாவிடம் நோட்டைக் காட்டினான். இந்த முறை அவர் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கடைசிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். கோபப்படுவார் என்று நோட்டுக்காரன் நினைத்தான்.

"செரியாத்தான எழுதியிருக்கற" என்றார். பிறகு நட்டுவின் பக்கத்துக்குத் திருப்பி, 'நடராஜன் விலை' என்ற தலைப்பைத் தொட்டுக் காட்டினார்.

"இதை மட்டும் மாத்து. 2025-க்கு என்ன வெலைன்னு எழுது. ஆளுக்கு என்ன வெலைன்னு எழுதாத."

* * *

அப்பா அதன் பிறகு முதலாளியிடம் போய் நிற்கவில்லை. ஜூனிலிருந்து பண்ணைக்காரன் வீட்டு முட்டை லோடை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்களுக்கு மினி வண்டி ஓட்டினார். காலையில் போனால் சாயங்காலம் வீடு. லைன் லாரியில் கிடைத்ததில் பாதிகூட வராது. ஆனால் யாராவது "கடைசியா எப்ப?" என்று கேட்டால் "நேத்து" என்று சொல்லலாம் அல்லவா! தீபாவளி கழித்து வேறொரு முதலாளியின் லாரியில் நாசிக்குக்கு முதல் நடை போய்விட்டு வந்தார். பெல்ட் போட்டுக்கொண்டுதான். தார்ப்பாயை கிளீனர் கட்டினான்.

நடராஜனும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் போனார். அந்த ஜூனில் டிஎன்பிஎல்லில் திருப்பூர் தமிழன்ஸ் அணிக்குப் பந்து போட்டார். அந்த அணிதான் 2025 கோப்பையை வென்றது. நவம்பரில் 2026-க்கு யார் யாரை வைத்துக்கொள்கிறோம் என்று அணிகள் பட்டியல் விட்டபோது, டெல்லி அவரை விடவில்லை.

பட்டியல் வந்த அன்றைக்கே நோட்டுக்காரன் புது நோட்டு வாங்கினான். அதில் ஒரு பக்கத்தில் 'டி. நடராஜன், 2026' என்று தலைப்பு போட்டு, கீழே இரண்டு கேள்விகளையும் எழுதினான். முதல் கேள்விக்கு நேராக 'டிஎன்பிஎல்' என்று எழுதினான். இரண்டாவதற்கு நேராக 'ஸ்டார்க்' என்று எழுதிக் கேள்விக்குறி போட்டான். விலைக்கு நேராக மட்டும் ஒன்றும் எழுதவில்லை. மார்ச் வரை நேரம் இருக்கிறது.

பி.கு.: இந்த முறை ஏலம் நடக்கும்போது அப்பா வாசல் பக்கம் வரக் கூடாது என்று ஏழு பேரும் சேர்ந்து புது விதி போட்டிருக்கிறார்கள். அவருக்கும் சம்மதம். அன்றைக்கு லோடு இருந்தால் அவர் ஊரிலேயே இருக்க மாட்டாராம்.